காரை மாற்றலாமா? மூட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தால் முன்பெல்லாம் வாசலில் சைக்கிள்களும், இரண்டொரு டி.வி.எஸ். 50-ம், தலைவரின் அம்பாசிடரும் நிற்கும். இன்று ஜெர்மன் கார்களே நாலைந்து நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஷோரூமில் புதிதாக எடுத்தவை அல்ல. மூன்று, நான்கு ஆண்டுகள் வேறொருவர் ஓட்டிக் கைமாறி வந்தவை. இதில் தவறு ஏதுமில்லை. உழைத்தவன் வசதியாக உட்கார்ந்து போகக் கூடாது என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு பழைய சொகுசு கார் இருக்கும்போதே, அதைக் கொடுத்துவிட்டு அதைவிடப் புதிய இன்னொரு பழைய காருக்கு மாறலாமா என்ற கேள்வி வரும்போது, கடையில் காலணா கணக்குப் பார்க்கும் நாம் கணக்கை மறந்துவிடுகிறோம். சென்ற ஐப்பசியில் (2025) இந்தக் கேள்வி என் வீட்டிலேயே வந்தது. அதை நாங்கள் எப்படி எழுதிப் பார்த்தோம் என்பதை உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கே தருகிறேன். காரின் பெயரைக் குறிப்பிடவில்லை. எந்தக் கம்பெனிக்கும் விளம்பரமும் வேண்டாம், பழியும் வேண்டாம்.

கேள்வி எப்படி வந்தது?

எங்களுடையது 2014 மாடல் டீசல் செடான். நான்கு ஆண்டு ஓடிய வண்டியாக 2018 மே மாதம் ரூ.24 லட்சத்துக்கு வாங்கினோம். மதுரையில் கண் ஆபரேஷன் முடித்து என் மனைவியை விருதுநகருக்கு அழைத்து வந்த இரவு, திருமங்கலம் தாண்டியதும் பேட்டரி விளக்கு எரிந்தது. இரண்டு கிலோமீட்டரில் வண்டி நின்றுவிட்டது. கண்ணில் கட்டுடன் அவள் ஒன்றரை மணி நேரம் நான்குவழிச் சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். லாரிகள் காற்றை வீசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

வீடு வந்து சேர்ந்ததும் என் மகன், "அப்பா, அம்மாவை நடுரோட்டில் நிறுத்திய வண்டி இனி நமக்கு வேண்டாம்" என்றான். ஒரு வாரத்தில் மதுரைத் தரகர் ஒருவர் மூலம் 2021 மாடல் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தான். கேட்ட விலை ரூ.34 லட்சம். எங்கள் வண்டிக்கு ரூ.7 லட்சம் தருவதாகச் சொன்னார்கள். மீதி 27 லட்சத்தில் கையிருப்பு 12 லட்சம், கடன் 15 லட்சம். அந்த 12 லட்சம் என்பது தை மாதம் குல்பர்கா புதுத் துவரைக்கு என்று ஒதுக்கியிருந்த பணம்.

கோபத்திலும் வாங்கக் கூடாது, ஆசையிலும் வாங்கக் கூடாது என்பது மண்டியில் நாம் படித்த முதல் பாடம். "பத்து நாள் பொறு, எழுதிப் பார்ப்போம்" என்றேன்.

முதல் படி: வண்டி ஏன் நின்றது?

வண்டியை நம் ஊர் மெக்கானிக்கிடம் காட்டினேன். ஆல்டர்னேட்டர் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்து பெல்ட் அறுந்திருந்தது. "அண்ணாச்சி, போன சர்வீசிலேயே இதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேனே" என்றார். பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். எழுதியிருந்தது உண்மைதான். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவன் நான்.

இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாடம் இதில்தான் இருக்கிறது. வண்டி வயதானதால் பழுதாவது வேறு, நாம் கவனிக்காததால் பழுதாவது வேறு. இரண்டாவது வகையென்றால் புது வண்டி வந்தாலும் அதே கவனக்குறைவு அதையும் ஒருநாள் நிறுத்தும். ஆகவே மாற்றும் எண்ணம் வந்ததும் கடந்த மூன்று ஆண்டு ரிப்பேர் பில்களை ஒரு தாளில் எழுதி, எது தேய்மானம், எது அலட்சியம் என்று எதிரே குறியுங்கள்.

எங்கள் பில்கள் முறையே ரூ.1,10,000, ரூ.95,000, ரூ.1,90,000. கடைசி ஆண்டுச் செலவில் பாதிக்குமேல் காலத்தில் செய்யாமல் விட்ட வேலைகளால் வந்தது.

இரண்டாம் படி: வைத்திருந்தால் என்ன செலவு?

மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கெடுத்தோம். முன் சஸ்பென்ஷன், இன்ஜின் மவுண்டிங் முதலிய வேலைகளுக்குக் கம்பெனி சர்வீஸ் மையம் ரூ.2,40,000 மதிப்பீடு கொடுத்தது. இந்த வகை வண்டிகளை மட்டுமே பார்க்கும் வெளி ஒர்க்‌ஷாப்பில் அதே தரச் சாமான்களுக்கு ரூ.1,35,000. அதன்படி:

உடனே செய்யவேண்டிய வேலை: ரூ.1,35,000
பராமரிப்பு, ஆண்டுக்கு ரூ.1,50,000 வீதம்: ரூ.4,50,000
இன்சூரன்ஸ், ஆண்டுக்கு ரூ.30,000 வீதம்: ரூ.90,000
விலை இறக்கம் (இன்று 7 லட்சம், மூன்று ஆண்டில் 4 லட்சம்): ரூ.3,00,000
மொத்தம்: ரூ.9,75,000

தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். எங்கள் வண்டிக்கு 2029 வரை உண்டு. அதன் பிறகும் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். ஆகவே "வயதாகிவிட்டது, ஓட்டவிடமாட்டார்கள்" என்ற பயத்துக்கு இங்கே இடமில்லை.

மூன்றாம் படி: மாற்றினால் என்ன செலவு?

சொகுசு காரில் பெரிய செலவு பெட்ரோலோ டீசலோ அல்ல, விலை இறக்கம்தான். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையைப் பாருங்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம் கழிக்கிறார்கள். சந்தையில் பெரிய கார்கள் பல நேரம் இதைவிட வேகமாகவே இறங்கும். பழைய கார் வாங்குவதன் நன்மை முதல் சொந்தக்காரர் அந்தப் பெரிய நட்டத்தைச் சுமந்துவிட்டார் என்பதுதான். ஆனால் நான்கு ஆண்டு வண்டியை வாங்குபவன் தலையிலும் இன்னொரு பங்கு விழுகிறது.

விலை இறக்கம் (34 லட்சம், மூன்று ஆண்டில் 20 லட்சம்): ரூ.14,00,000
பராமரிப்பு, ஆண்டுக்கு ரூ.1,00,000 வீதம்: ரூ.3,00,000
இன்சூரன்ஸ், ஆண்டுக்கு ரூ.80,000 வீதம்: ரூ.2,40,000
வாங்கியதும் டயர், பெயர் மாற்றம், முதல் சர்வீஸ்: ரூ.1,00,000
மொத்தம்: ரூ.20,40,000

இதோடு நின்றுவிடுவதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை. புதிதாகப் போகும் 27 லட்சத்துக்கு வட்டி எங்கே? நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்று போட்டால் மாதம் ரூ.27,000. மூன்று ஆண்டுக்கு ரூ.9,72,000. "தவணை கட்டக் கட்டக் கடன் குறையுமே அப்பா" என்றான் மகன். வங்கிக் கடன் குறையும், உண்மைதான். ஆனால் தவணை கட்டும் பணம் நம் கல்லாவிலிருந்துதானே போகிறது? வங்கிப் பணம் இருந்த இடத்தில் நம் பணம் போய் உட்காருகிறது. காரில் முடங்கிய முதல் அப்படியேதான் இருக்கிறது. பழைய கார் கடனுக்கு வட்டியும் புதுக் கார் கடனைவிடக் கூடுதல் என்பதை மறக்கவேண்டாம்.

ஆக மாற்றினால் ரூ.30,12,000. வைத்திருந்தால் ரூ.9,75,000. வித்தியாசம் மூன்று ஆண்டுக்கு ரூ.20,37,000. ஆண்டுக்கு ரூ.6,79,000.

நான்காம் படி: ரூபாயை மூட்டையாக்குங்கள்

ரூபாயில் பார்த்தால் மனம் ஏதாவது சமாதானம் சொல்லும். மூட்டையில் பார்த்தால் சொல்லாது. 50 கிலோ துவரம் பருப்பு மூட்டை ரூ.5,000 என்றும், எல்லாச் செலவும் போக நமக்கு நிற்பது 2 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு ரூ.100. அப்படியானால் ரூ.6,79,000-க்கு ஆண்டுக்கு 6,790 மூட்டை கூடுதலாக விற்கவேண்டும். ஆண்டில் 300 நாள் கடை திறந்தால் நாளொன்றுக்கு 22 மூட்டைக்கு மேல். இறக்கி, அடுக்கி, எடை போட்டு, பில் போட்டு, கடன் கொடுத்து, வசூல் செய்து, அத்தனையும் காருக்காக.

இந்தக் கணக்கைச் சொன்னதும் என் மகன் சிறிது நேரம் பேசவில்லை. கடையில் மூட்டை எண்ணுபவன் அவன்தானே.

சில்லறைக் கடைக்காரர்கள் இதையே தங்கள் லாப விகிதத்தில் போட்டுக்கொள்ளலாம். விகிதம் மாறினாலும் முறை மாறாது.

"வரியில் கழித்துக்கொள்ளலாமே!"

இந்த வாதம் எல்லா வீட்டிலும் வரும். காருக்கு வருமான வரியில் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம். 34 லட்சத்துக்கு ரூ.5,10,000. வண்டி பாதி வியாபாரத்துக்கு, பாதி வீட்டுக்கு என்றால் கணக்கில் ஏறுவது ரூ.2,55,000. 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் ரூ.76,500. அதுவும் ஐப்பசியில் வாங்கினால் மார்ச் 31-க்குள் 180 நாள் ஆகாது. ஆகவே முதலாண்டு பாதிதான், ரூ.38,250. அடுத்த ஆண்டுகளில் குறைந்த மதிப்பின்மேல் கணக்கு ஓடும். வரியில் மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒரு ரூபாய் செலவழித்துக் கால் ரூபாய் பெறுவதும் வியாபாரமா?

மேலும் மூன்று செய்திகள். ஒன்று, நம் போன்றோர் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு கிடையாது. இரண்டு, ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை, தேய்மானக் கணக்கில் காரின் விலையாக ஏறாது. ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது விற்பவருக்கும் குற்றம். மூன்று, கடைப் பெயரில் உள்ள காரை விற்கும்போது, தேய்மானம் போக உள்ள மதிப்பைவிடக் கூடுதலாக விற்றால் அந்தக் கூடுதலுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 2025 ஜனவரி முதல் எல்லா வகைப் பழைய கார்களுக்கும் இதே விகிதம். எங்கள் வண்டி 24 லட்சத்திலிருந்து ஏழு ஆண்டுத் தேய்மானம் போக ஏட்டில் சுமார் ரூ.7,69,000. விற்கும் விலை 7 லட்சம். ஆகவே வரி வராது. உங்கள் கணக்கை ஆடிட்டரிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.

"மார்க்கெட்டில் மதிப்பு வேண்டாமா?"

கௌரவத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெரிய இடத்துக்குப் போகும்போது வண்டி ஒரு மரியாதைதான். ஆனால் மொத்த வியாபாரியின் மதிப்பு வாய்தாவில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் சீசன் நேரத்தில் பெரிய கார் எடுத்தார். அதே மாதம் இரண்டு பில்லுக்குப் பணம் பத்து நாள் தள்ளிப் போனது. வேறு சமயமாக இருந்தால் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். "நம் பணம் காரில் போகிறது" என்று தரகர்கள் வாயில் பேச்சு பரவியது. முப்பது நாள் வாய்தா கொடுத்த மில்காரர்கள் பதினைந்து நாளாக்கினார்கள். கார் நன்றாகத்தான் ஓடியது. வியாபாரம்தான் மூச்சு வாங்கியது.

அப்படியும் வாங்குவதென்றால்

மாற்றவே கூடாது என்பது என் கருத்தல்ல. மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுபவர், பழைய வண்டியின் ரிப்பேர் அதன் விலையில் பாதியைத் தொட்டவர், சரக்குக்கு வைத்த முதலைத் தொடாமல் வாங்கக்கூடியவர் தாராளமாக மாற்றலாம். அவர்கள் கவனிக்கவேண்டியவை:

1. விலை: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு வரி 40 சதவீதம் ஆனது. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய செடான்களுக்கு முன்பு செஸ் சேர்த்து 48 சதவீதம் இருந்தது. வரிக்கு முன் ரூ.100 பெறுமான வண்டி ரூ.148-லிருந்து ரூ.140-க்கு வந்தது. புது வண்டி விலை ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கும்போது பழைய வண்டி பழைய விலையில் நிற்க நியாயமில்லை. இதைச் சொல்லிப் பேசுங்கள்.

2. டீசலா, பெட்ரோலா: 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு அது அடைத்துக்கொண்டு தொல்லை தரும். அவர்கள் பெட்ரோல் வண்டி பார்ப்பது நல்லது.

3. வெள்ளம் பார்த்த வண்டி: 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையிலும், அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பகுதியிலும் வெள்ளம் வந்ததை மறக்கவேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கியும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் கை வைத்துப் பாருங்கள். கண்ணாடியை ஏற்றி மூடிவைத்துவிட்டு, பிறகு கதவைத் திறந்து முகருங்கள்.

4. ஓட்டம்: மீட்டரை நம்பாதீர்கள். சேஸ் நம்பரைக் கொடுத்துச் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். பிரேக் பெடல், ஸ்டியரிங், டிரைவர் சீட் ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் உண்மை சொல்லும். நமக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணல்ல.

5. வடநாட்டு வண்டி: டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. பின்னர் சில தளர்வுகள் வந்தாலும் அங்கே அத்தகைய வண்டிகளின் விலை மலிவு. இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி., நம் மாநில ஆயுள் வரி, புதுப் பதிவு எண் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

6. காகிதங்கள்: ஆர்.சி.யில் வங்கி அடமானம் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கையில் வரும்வரை முழுப் பணம் கொடுக்கவேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்சைப் பெயர் மாற்றக் கேட்கவேண்டும். நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குரியது அல்ல, சொந்தக்காரருக்குரியது. பழைய வண்டியை விற்கும்போது அதற்கான கடிதம் வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

இதிலே ஒரு சொந்த அனுபவம். 1998-ல் என் அம்பாசிடரை விற்று, படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அந்த வண்டி ஒரு சைக்கிள்காரர்மேல் மோதியதற்கு எனக்குச் சம்மன் வந்தது. இன்சூரன்சும் காலாவதி. நான்கு ஆண்டு கோர்ட்டுக்கு அலைந்தேன். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்ற வண்டி நம் பெயரிலிருந்து போய்விட்டதா என்று பார்த்த பிறகே நிம்மதியாகத் தூங்குங்கள்.

நாங்கள் செய்த முடிவு

பத்தாம் நாள் இரவு தாளை நடுவில் வைத்து மூவரும் உட்கார்ந்தோம். மகன், "கணக்கு சரிதான் அப்பா. ஆனால் அம்மா மறுபடி ரோட்டில் நிற்கக் கூடாது" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். கணக்கில் வராத அந்த ஒன்றுக்கும் விடை சொல்லவேண்டுமே.

ரூ.1,35,000 வேலையை மறுவாரமே முடித்தோம். பெல்ட், ஹோஸ், பேட்டரி எல்லாம் மாற்றினோம். வண்டிக்கென்று ஒரு சிட்டை போட்டு, மெக்கானிக் எழுதும் வேலையைப் பதினைந்து நாளுக்குள் செய்யவேண்டும் என்று விதி வைத்தோம். அந்தச் சிட்டை இப்போது மகன் பொறுப்பில் இருக்கிறது, என் பொறுப்பில் இல்லை. மாதம் ரூ.25,000 தனிக் கணக்கில் போட்டு வருகிறோம். மூன்று ஆண்டில் வட்டியில்லாமலே 9 லட்சம் சேரும். ஓராண்டில் ரிப்பேர் ரூ.3 லட்சத்தைத் தாண்டினாலோ, ஒழுங்காகக் கவனித்தும் ஒருமுறை வழியில் நின்றாலோ, அன்றே மாற்றுவது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். என் மனைவியும் போட்டாள்.

தை மாதம் குல்பர்காவில் புதுத் துவரை வந்தது. அந்த 12 லட்சத்தோடு ஓ.டி.யில் 13 லட்சம் எடுத்து ஒரு லாரி, 500 மூட்டை, ரொக்கத்துக்கு எடுத்தோம். ரொக்கம் என்பதால் மூட்டைக்கு ரூ.60 விட்டுக் கொடுத்தார் மில்காரர். ரூ.30,000. தொகை சிறிதுதான். ஆனால் வாசலில் நிற்கும் கார் ஒருநாளும் அதைத் தந்திருக்காது.

காரை மாற்ற நினைக்கும் உறுப்பினர்கள் பத்து நாள் பொறுத்து, ஒரு தாள் எடுத்து, வீட்டாரையும் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். மூட்டைக் கணக்கு "சரி" என்று சொன்னால் மகிழ்ச்சியாக வாங்கி ஓட்டுங்கள். "பொறு" என்று சொன்னால் முதலில் பெல்ட்டை மாற்றுங்கள்.